விசாவுக்கு வக்கீல் வேண்டுமா?

பத்திரப்பதிவுத் துறையில் 31 ஆண்டுகள் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் பல சார்பதிவாளர் அலுவலகங்களில் இருந்திருக்கிறேன். ஆவணங்கள் பற்றி வரும் கடிதங்களுக்கு இந்தப் பக்கத்தில் பதில் எழுதுகிறேன். இந்த முறை வந்தவற்றில் ஒரு கடிதத்துக்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்லத் தோன்றியது. மற்றவற்றுக்குச் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, எனக்கு 26 வயது. போன ஜனவரியில் எங்கள் சர்ச்சில் கல்யாணம் நடந்தது. கணவரின் அம்மா அமெரிக்காவில் நர்ஸ். கணவர் அங்கேயே வளர்ந்து குடியுரிமை பெற்றவர், டெக்சாஸில் வேலை. கல்யாணம் முடிந்து மூன்றாவது வாரம் திரும்பிப் போய்விட்டார். மார்த்தாண்டத்தில் ஒரு ஏஜென்ட், “அமெரிக்க வக்கீல் இல்லாமல் ஸ்பவுஸ் விசா கிடைக்காது, எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் ஆகும்” என்கிறார். அப்பாவுக்குத் திங்கள்சந்தையில் சின்னக் கடை. என் வளையல்களை அடகு வைக்கலாம் என்று வீட்டில் பேசுகிறார்கள். நாங்களே விண்ணப்பிக்க முடியாதா? தவறு வந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.
பெயர் வேண்டாம், கருங்கல்

பதில்: மகளே, வளையல் உன் கையிலேயே இருக்கட்டும். நீ எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் நீங்களே போடலாம். போடுவதுதான் நல்லது என்றும் சொல்வேன். 2018-ல் என் மகளுக்கு அப்படித்தான் போட்டோம். தக்கலையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நானும் மகளும், அந்தப் பக்கம் நியூ ஜெர்சியில் மருமகன், நடுவில் வாட்ஸ்அப் வீடியோ. இங்கே இரவு பத்து மணி என்றால் அவருக்குப் பகல் உணவு நேரம். 16 மாதம் ஆனது. வக்கீலுக்கு என்று ஒரு ரூபாய் போகவில்லை. நடுவில் ஒரு பிசகு நடந்தது; அதையும் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். இதைத் தொடங்குவது நீ இல்லை, உன் கணவர். “இவள் என் மனைவி, என்னோடு வந்து வாழ வேண்டும்” என்று அமெரிக்கக் குடிமகன் தன் அரசிடம் கொடுக்கும் மனு அது. ஐ-130 என்று பெயர். உன் விவரங்களுக்கு ஐ-130ஏ என்று கூடவே ஒரு படிவம். அமெரிக்கக் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் அவரே ஒரு கணக்குத் தொடங்கி, நிரப்பி, ஆவணங்களை ஏற்றி, பணம் கட்டி அனுப்பலாம். வக்கீல் வைத்துத்தான் போட வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. படிவத்தோடு விளக்கக் குறிப்பும் இலவசமாகக் கிடைக்கிறது. நாங்கள் அதை அச்சடித்து, அடிக்கோடிட்டு, இரண்டு முறை படித்தோம். படிவத்தில் கை வைத்தது அதற்குப் பிறகுதான்.

அந்த ஏஜென்டிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார். அந்தப் படிவத்தின் கடைசியில், மனுதாரர் அல்லாத வேறொருவர் நிரப்பிக் கொடுத்தால் அவர் தன் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போட ஒரு பகுதி இருக்கிறது. “அதில் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களா?” என்று கேள். போட மாட்டேன் என்றால், தவறு நடந்தால் பொறுப்பு முழுவதும் உன் கணவர் தலையில்தான். இன்னொன்று, அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் ஆலோசனை சொல்லிப் பணம் வாங்கும் உரிமை அங்கே உரிமம் பெற்ற வக்கீலுக்கும், அந்த நாட்டு நீதித் துறை அங்கீகரித்த பிரதிநிதிக்கும்தான் உண்டு. டைப் அடித்துக் கொடுப்பவர் வக்கீல் ஆகிவிட மாட்டார்.

செலவைப் பார்ப்போம். மனுவுக்கு ஆன்லைனில் 625 டாலர், தபாலில் அனுப்பினால் 675. மனு ஏற்கப்பட்ட பிறகு விசா கட்டணம் 325, கணவரின் வருமான உறுதிமொழியைச் சரிபார்க்க 120. விசா கிடைத்தபின் கிரீன் கார்டுக்காக 235. ஆன்லைனில் போட்டால் மொத்தம் 1,305 டாலர். நம் பணத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டும். மருத்துவப் பரிசோதனையும் நேர்காணலுக்கான மும்பைப் பயணமும் தனி. வக்கீல் வைத்தாலும் இவற்றைக் கட்டித்தான் ஆக வேண்டும். ஏஜென்ட் கேட்கும் மூன்று லட்சத்தில் இது அடக்கமா என்று கேட்டாயா? கட்டணங்கள் மாறும், எங்கள் காலத்தில் மனுவுக்கு 535 டாலர்தான். கட்டுகிற அன்று அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கட்டச் சொல். முகவரி ‘டாட் ஜி-ஓ-வி’ என்று முடிய வேண்டும். அதே மாதிரி தோற்றத்தில் தனியார் தளங்கள் நிறைய உண்டு.

அடுத்து ஆவணங்கள். இந்த விசாவில் சட்ட வாதம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. இருப்பதெல்லாம் காகிதம்தான். ஒவ்வொரு காகிதத்திலும் ஒரே பெயர், ஒரே தேதி, ஒரே ஊர் இருக்க வேண்டும். அது இருந்தால் உனக்கு வக்கீல் தேவையில்லை. அது இல்லாவிட்டால் வக்கீலும் உன்னிடம்தான் வந்து கேட்பார். சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் நகராட்சிக்கும் நடக்கப் போவது எப்படியும் நீயும் உன் அப்பாவும்தான்.

கணவர் கிளம்புவதற்கு முன் திருமணத்தை அரசில் பதிந்தீர்களா என்று நீ எழுதவில்லை. எனக்கு இருக்கிற கவலை அதுதான். 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி, எந்த மதமானாலும் திருமணம் நடந்து 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். தவறினால் அதற்கடுத்த 60 நாட்களுக்குள் கூடுதல் கட்டணத்தோடு பதியலாம். மூன்று வார லீவில் வருகிற மாப்பிள்ளைக்கு மறுவீடு, விருந்து, வேளாங்கண்ணி எல்லாம் முடிந்து கிளம்புகிற அன்றுதான் இது நினைவுக்கு வரும். என் மேசைக்கு முன்னால் அப்படி வந்து, மாப்பிள்ளை ஏற்கெனவே விமானம் ஏறிவிட்டார் என்று சொல்லிக் கண்கலங்கிய பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பதியாவிட்டால் முதலில் நாட்களை எண்ணு. மிச்சம் இருந்தால் கணவரை ஒரு வாரம் வரச் சொல். அந்த விமானச் செலவு வீண் இல்லை. சர்ச் ரிஜிஸ்தரிலிருந்து பாதிரியார் கொடுக்கும் சான்றிதழும் வேண்டும். இரண்டையும் சேர்த்து வை.

சர்ச் சான்றிதழ் தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு வைக்க வேண்டும். இதற்கும் ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்த யாரும் செய்யலாம். “எனக்கு இந்த இரண்டு மொழிகளும் தெரியும், இந்த மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது” என்று கீழே ஆங்கிலத்தில் எழுதி, பெயர், முகவரி, தேதியோடு கையெழுத்துப் போட்டால் போதும். நோட்டரி முத்திரை கேட்பதில்லை. நீயோ கணவரோ செய்யாமல் வெளியாள் ஒருவர் செய்வது நல்லது. எங்களுக்கு மகளின் பழைய ஆங்கில டீச்சர் செய்து கொடுத்தார்.

பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார். ‘பெண் குழந்தை’ என்று மட்டும் இருந்து பெயர் இல்லாமல் இருக்கலாம். அப்படி இருந்தால் பதிந்த நகராட்சியிலோ பேரூராட்சியிலோ ஊராட்சியிலோ பெயர் சேர்க்க வேண்டும். விளவங்கோடு பக்கத்தில் நிறையப் பேர் பிரசவத்துக்குத் திருவனந்தபுரம் போவதுண்டு. நீ அங்கே பிறந்திருந்தால் உன் பிறப்பு பதிவாகியிருப்பது கேரளத்தில். நம் ஊர் அலுவலகங்களில் அலைந்து பயனில்லை. அப்பா அம்மா பெயரும் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே இருக்கிறதா என்று பார்.

பெயர் விஷயத்தில் நம் வழக்கம் ஒன்று, அவர்கள் வழக்கம் ஒன்று. நமக்கு ஒரு இனிஷியல், ஒரு பெயர். அவர்களுக்குக் கொடுத்த பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம். பாஸ்போர்ட்டில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால், இருக்கிற பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று போடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அப்புறம் கிரீன் கார்டு, டிரைவிங் லைசென்ஸ், வங்கி எல்லாவற்றிலும் அது கூடவே வரும். உன் பாஸ்போர்ட் அப்படி இருந்தால், மனு போடுவதற்கு முன்பே இரண்டு கட்டமும் நிரம்பிய புதிய பாஸ்போர்ட் எடுத்துவிடு. அதற்காகக் கணவர் பெயரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. இந்த விசாவுக்கு அது தேவையில்லை.

ஒரு எழுத்து மாறியிருப்பது வேறு கதை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘ஜெயா’வுக்கு ஆங்கிலத்தில் ‘இ’, பாஸ்போர்ட்டில் ‘ஏ’ என்று இருக்கும். இதற்காக எல்லாவற்றையும் திருத்தக் கிளம்பினால் ஒரு வருடம் போய்விடும். படிவத்தில் ‘பயன்படுத்திய வேறு பெயர்கள்’ என்று ஒரு இடம் உண்டு. எந்தெந்தக் காகிதத்தில் எப்படியெல்லாம் இருக்கிறதோ அத்தனையையும் அங்கே எழுது. மறைக்காமல் எழுதிய வித்தியாசம் பெரும்பாலும் சிக்கலாவதில்லை.

இப்போது எங்கள் பிசகு. மகளுக்குக் கல்யாணம் 2018 ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை. பதிவு செய்தது பிப்ரவரி 2. நம் சான்றிதழில் திருமண நாள், பதிவு நாள் என்று இரண்டு தேதியும் இருக்கும். மருமகன் நிரப்பி அனுப்பிய படிவத்தை அழகாக டைப் செய்து தர ஒரு பிரவுசிங் கடையில் கொடுத்தேன். திருமண நாள் என்ற கட்டத்தில் அங்கே பிப்ரவரி 2 என்று அடித்துவிட்டார்கள். நான் எத்தனையோ பேருடைய தேதிகளைச் சரிபார்த்தவன், என் மகளுடையதைப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். டிசம்பரில் கூடுதல் ஆதாரம் கேட்டு மருமகனுக்குக் கடிதம் வந்தது. அன்று இரவு என் மனைவி சாப்பிடவில்லை; எல்லாம் போய்விட்டது என்றே நினைத்தாள். ஆனால் அந்தக் கடிதம் நிராகரிப்பு இல்லை. என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். தவறு எப்படி வந்தது என்று ஒரு பக்கத்தில் உள்ளதை உள்ளபடி எழுதி, சரியான தேதியோடு சான்றிதழ் நகலைத் திரும்ப அனுப்பினோம். ஏற்றுக்கொண்டார்கள். ஏறக்குறைய மூன்று மாதம் தாமதம், அவ்வளவுதான். அதனால் சொல்கிறேன், அனுப்புவதற்கு முன் நீ ஒருமுறை வாசி, கணவர் ஒருமுறை வாசிக்கட்டும், பிறகு ஒருவர் ஆவணத்தைச் சத்தமாகப் படிக்க மற்றவர் படிவத்தோடு ஒப்பிடுங்கள். எங்கள் அலுவலகத்தில் பத்திரத்தை அப்படித்தான் ஒத்துப் பார்ப்போம்.

நீங்கள் உண்மையாகவே கணவன் மனைவிதான் என்பதற்கும் ஆதாரம் கேட்பார்கள். பெண் பார்த்து இரண்டு மாதத்தில் கல்யாணம், மூன்று வாரத்தில் பிரிவு என்பது நமக்கு இயல்பு. படிக்கிற அதிகாரிக்கு அது விளங்க வேண்டும். நீயே ஒரு பக்கம் எழுது. யார் சம்பந்தம் பேசினார்கள், முதலில் எங்கே பார்த்துக்கொண்டீர்கள், நிச்சயம் என்றைக்கு, சர்ச்சில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்தது எந்த ஞாயிறுகளில் என்று எல்லாம் அதில் வரட்டும். கல்யாணப் பத்திரிகை, மண்டப ரசீது, நிச்சயப் படம், இரண்டு குடும்பமும் சேர்ந்து நிற்கும் படங்கள் வை. ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் நாள், இடம், நிற்பவர் யார் என்று எழுது. ஆல்பம் முழுவதும் வேண்டாம், இருபது முப்பது படம் போதும். நாங்கள் சுருள், அதாவது மொய், எழுதிய நோட்டின் நான்கு பக்கத்தையும் மொழிபெயர்த்து வைத்தோம். யார் யார் வந்து எவ்வளவு வைத்தார்கள் என்று தேதி போட்டு எழுதிய நோட்டு. பொய்க் கல்யாணத்துக்கு யாரும் சுருள் எழுதி வைக்க மாட்டார்கள். அவர் திரும்பிப் போன பிறகு பேசிய வீடியோ அழைப்புகளின் பதிவு, அவர் அனுப்பிய பணம், மறுபடி வந்தால் அந்த விமானச் சீட்டு இவையும் சேரட்டும். வாட்ஸ்அப் உரையாடலில் மாதத்துக்கு ஒன்றிரண்டு பக்கம் எடுத்தால் போதும். உங்கள் அந்தரங்கம் அவர்களுக்குத் தேவையில்லை.

மனு ஏற்கப்பட்ட பிறகு கோப்பு நேஷனல் விசா சென்டர் என்ற இடத்துக்குப் போகும். மும்பைக்குப் போகும் கோப்பு எண் ‘பி.எம்.பி.’ என்று தொடங்கும். அங்கிருந்து உன் வேலையும் தொடங்குகிறது. டி.எஸ்-260 என்ற விசா விண்ணப்பப் படிவத்தை நீ ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அவர்கள் எழுதியும் ஒரு வருடம் வரை எந்தத் தொடர்பும் இல்லாமல் விட்டால் கோப்பை முடித்துவிட முடியும். அந்த மெயிலை விடாமல் பார்.

உன்னைத் தன் வருமானத்தில் பராமரிப்பேன் என்று கணவர் ஐ-864 என்ற உறுதிமொழி கொடுப்பார். அந்த நாட்டு வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீத வருமானம் வேண்டும். 2025 கணக்குப்படி இரண்டு பேர் உள்ள குடும்பத்துக்கு அது ஆண்டுக்கு 26,437 டாலராக இருந்தது. வருமான வரிப் பதிவை வைத்தால் போதும். குறைந்தால் மாமியார் கூட்டு உறுதியாளராக நிற்கலாம். ஆனால் அது வெறும் சம்பிரதாயக் கையெழுத்து இல்லை என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். விவாகரத்து ஆனால்கூட அந்தப் பொறுப்பு நீங்காது.

போலீஸ் சான்றிதழ் பாஸ்போர்ட் அலுவலகம் வழியாகத்தான் வாங்க வேண்டும். திருநெல்வேலி சேவா மையத்தில் விண்ணப்பிக்கலாம். உள்ளூர் ஸ்டேஷனில் வாங்கும் கடிதம் செல்லாது. மருத்துவப் பரிசோதனை தூதரகம் அங்கீகரித்த டாக்டர்களிடம் மட்டும், சென்னையிலும் இருக்கிறார்கள். சின்ன வயதில் போட்ட தடுப்பூசி அட்டை வீட்டில் இருந்தால் எடுத்துப் போ. எக்ஸ்ரேயில் காசநோய்த் தழும்பு போல எதுவும் தெரிந்தால் சளியை வளர்த்துப் பார்ப்பார்கள். அதற்கே இரண்டு மாதம் வரை ஆகும். அதனால் பரிசோதனையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப் போடாதே.

நேர்காணல் மும்பையில்தான். அமெரிக்காவில் குடியேறும் விசாவுக்குச் சென்னைத் தூதரகத்தில் நேர்காணல் கிடையாது. நாகர்கோவிலிலிருந்து மும்பைக்கு நேரடி ரயில் உண்டு, ஒன்றரை நாள் ஆகும். ஒரு நாள் முன்னதாகப் போய் ஓய்வெடு. அசல் எல்லாவற்றையும் கொண்டு போ. என் மகளிடம் ஏழெட்டு கேள்விதான் கேட்டார்கள். கணவர் என்ன வேலை பார்க்கிறார், யாரோடு தங்கியிருக்கிறார், கல்யாணத்துக்கு அவர் பக்கத்திலிருந்து யார் யார் வந்தார்கள் என்று. தானே நிரப்பிய படிவம் என்பதால் அவளுக்கு எதுவும் புதிதாக இல்லை. அந்த ஜன்னல் முன்னால் நிற்கப் போவது நீ மட்டும்தான். உன் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று உனக்கே தெரியாமல் இருந்தால் அங்கே தடுமாறுவாய். மூன்று லட்சம் கொடுத்து வேறொருவரிடம் விட்டவர்களுக்கு நடப்பது அதுதான். 221 ஜி என்று ஒரு தாளைக் கொடுத்தால் அழாதே. ஏதோ ஒரு காகிதம் பாக்கி என்றுதான் பெரும்பாலும் பொருள்.

கல்யாணம் முடிந்து இரண்டு வருடம் ஆவதற்குள் அங்கே போய் இறங்கினால் இரண்டு வருடத்துக்கான கிரீன் கார்டுதான் கிடைக்கும். அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களில், அந்த இரண்டு வருடக் கெடுவை நீக்கக் கேட்டு, ஐ-751 என்ற மனு போட வேண்டும். இறங்கிய அன்றே அந்தத் தேதியை எழுதி வைத்துவிடு.

சரி, வக்கீல் எப்போது வேண்டும்? உங்களில் யாருக்காவது முந்தைய திருமணம் இருந்து விவாகரத்துத் தீர்ப்பில் குழப்பம் இருந்தால், அமெரிக்காவில் விசா முடிந்தும் தங்கியிருந்தால், ஏதாவது ஒரு விசாவுக்கு முன்பு பொய்க் காகிதம் கொடுத்திருந்தால், போலீஸ் வழக்கு இருந்தால், கட்டாயம் வேண்டும். அப்போதும் மார்த்தாண்டத்தில் தேடாமல், கணவர் அங்கே உரிமம் உள்ள குடியேற்ற வக்கீலிடம் முதலில் ஒரு மணி நேர ஆலோசனைக்கு மட்டும் பணம் கட்டிப் பேசட்டும். உன் கடிதத்தில் இதில் எதுவும் தெரியவில்லை.

கேள்வி: என் மருமகன் கிரீன் கார்டு வைத்திருப்பவர், குடியுரிமை இல்லை. மகளை அழைக்க அவரும் இதே மனுதான் போட வேண்டுமா?
வாசகர், இரணியல்

பதில்: மனு அதேதான். வரிசைதான் வேறு. குடிமகனின் மனைவிக்கு ஆண்டுக்கு இத்தனை விசா என்ற எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை. கிரீன் கார்டு உள்ளவரின் மனைவிக்கு உண்டு. எஃப்2ஏ என்ற பிரிவில் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் வெளியாகும் விசா புல்லட்டினில், நீங்கள் மனு போட்ட தேதிக்கு முறை வந்ததா என்று பார்க்க வேண்டும். அவர் குடியுரிமைக்கு எப்போது தகுதி பெறுவார் என்று கேளுங்கள். பொதுவாக ஐந்து வருடம். ஆனால் அதுவரை மனுவைத் தள்ளிப் போட வேண்டாம். இப்போதே போட்டு, குடியுரிமை கிடைத்ததும் அந்தச் சான்றிதழை அனுப்பினால் அதே மனு குடிமகனின் மனைவி என்ற பிரிவுக்கு மாறிவிடும். பேரப்பிள்ளை இந்தியாவில் பிறந்திருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். பிரிவு மாறும்போது குழந்தை தாயோடு சேர்ந்து போக முடியாது, குழந்தைக்குத் தனி மனு வேண்டும்.

கேள்வி: மகளைச் சுற்றுலா விசாவில் அனுப்பி, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம், சீக்கிரம் முடியும் என்று தெரிந்தவர் சொல்கிறார். பிரிந்திருக்கிற பிள்ளைகளைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. செய்யலாமா?
ஒரு தாய், குளச்சல்

பதில்: அம்மா, செய்யாதீர்கள். குடியேறப் போகிறவர், சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன் என்று அதிகாரியிடம் சொன்னால் அது பொய். அது பொய்யென்று முடிவானால் வாழ்நாள் தடை வரை போகும். அதை நீக்கத் தனியாக விலக்கு கேட்டு மனுப்போட வேண்டும். ஒன்றரை வருடப் பிரிவு கஷ்டம்தான். என் வீட்டிலும் அதைப் பார்த்தேன். மருமகனால் முடிந்தால் நடுவில் ஒரு முறை வந்து போகட்டும். அந்தப் பயணச்சீட்டு பிள்ளைகளுக்கு ஆறுதல், மனுவுக்கும் நல்ல ஆதாரம்.

கேள்வி: குலசேகரத்தில் ரப்பர் பால்வெட்டு வேலை. அதற்கு முன் துபாயில் நான்கு வருடம் இருந்தேன். மனைவி அமெரிக்காவில் நர்ஸ். இப்போது குடியுரிமை கிடைத்துவிட்டது. எனக்கு மனு போடப் போகிறாள். பத்து வருடத்துக்கு முன் திருவிழாவில் நடந்த அடிதடியில் என் பெயரிலும் ஒரு கேஸ். அபராதம் கட்டி முடிந்துவிட்டது. அதைச் சொல்ல வேண்டுமா? துபாய் காகிதம் ஏதாவது கேட்பார்களா?
வாசகர், குலசேகரம்

பதில்: தம்பி, இரண்டுக்கும் ஆமாம். 16 வயதுக்குப் பிறகு வேறொரு நாட்டில் 12 மாதமோ அதற்கு மேலோ இருந்தவர்கள் அந்த நாட்டுப் போலீஸ் சான்றிதழும் கொடுக்க வேண்டும். துபாய் போலீஸின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். நாட்டுக்கு வெளியே இருப்பவரிடம் கைரேகைத் தாள் கேட்பார்கள். பழைய பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து, அந்த நான்கு வருட விசா பக்கங்களை நகல் எடுத்து வை.

கேஸ் விஷயத்தில் உனக்கு வக்கீல் வேண்டும். முழு மனுவையும் அவரிடம் விட வேண்டியதில்லை. இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் மனைவி அங்கே ஒருவரைப் பார்க்கட்டும். எந்தப் பிரிவில் கேஸ், என்ன தீர்ப்பு என்பதைப் பொறுத்துத்தான் அது விசாவைப் பாதிக்குமா என்று சொல்ல முடியும். எப்போதாவது கைதானதுண்டா, தண்டனை உண்டா என்று படிவத்தில் கேட்பார்கள். அபராதம் கட்டியதும் தண்டனைதான். மறைத்தால், ஒன்றுமில்லாமல் போயிருக்கக்கூடிய கேஸ் பெரிதாகிவிடும். வக்கீல் முதலில் கேட்கப் போவது தீர்ப்பின் சான்றிட்ட நகல். கேஸ் நடந்த கோர்ட்டில் நகல் மனு போடு. கேஸ் நம்பர் மறந்திருந்தால் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். எண்ணையும் ஆண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு போ. பழைய கட்டு அழிக்கப்பட்டுவிட்டது என்றால் அதையே எழுத்தில் வாங்கு. இதற்கு நாள் ஆகும், மனைவி மனுவைத் தொடங்கும் வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே போ.